ஈரத்தோடு போட்ட நீலக் கோட்டு

சலவைக்கடைக்காரி ஒரு பாட்டுக்காரியின் மேடை உடையை உருக்கிவிட்டாளாம். உருக்கியதோடு நில்லாமல், ஷட்டரை இழுத்துவிட்டு ஊரைவிட்டே ஓடிவிட்டாளாம்.

இந்தச் செய்தி ரொட்டிக்கடை வரிசையில் பிறந்தது. முடிதிருத்தும் கடையில் அதற்குக் கண் முளைத்தது, மருந்துக்கடையில் காது முளைத்தது. மூக்கும் முழியுமாக அது பொத்தான் கடைக்காரரிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஒரு சிக்கல். ஓடிப்போனதாகச் சொல்லப்பட்டவள் அவருடைய பக்கத்துக் கடையில், வழக்கம்போல, நீராவிக்கு நடுவே நின்று ஒரு கால்சட்டைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் வாசலில் நின்று அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“என்ன அண்ணே, பேயைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?”

“இல்லம்மா. நீ ஓடிப்போயிட்டேன்னு சொன்னாங்க. அதான், எப்பக் கிளம்பறேன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்.”

“நானா? இந்த இடுப்பை வச்சுக்கிட்டா? நான் பஸ்ஸுக்கே ஓடினதில்ல. அதை ஓட்டறதே என் வீட்டுக்காரர்தான், நான் வர்ற வரைக்கும் நிறுத்தி வைப்பார்.”

பொத்தான் கடைக்காரர் சிரித்தார். அந்தத் தெருவில் எல்லாரும் அவளை நீராவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். எப்போது போனாலும் இஸ்திரி மேசையிலிருந்து எழும் வெள்ளைப் புகைக்குள்ளிருந்துதான் அவள் முகம் வெளியே வரும். முதலில் மூக்குக்கண்ணாடி, பிறகு சிரிப்பு, கடைசியாக ஆள்.

“யாரோ உன் பழைய கதைக்குப் புதுசா மணி கோத்து விட்டிருக்காங்க,” என்று அவர் சுவரைக் காட்டினார். கல்லாவுக்கு மேலே ஓர் ஆணியில் அந்த நீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்களுக்கான வெட்டு, பெரியவர்களுக்கான பொத்தான்கள், அகலமான கழுத்துப்பட்டை. ஆனால் அளவு மட்டும் பால் பல் விழாத ஒரு குழந்தைக்குத்தான் சரியாக இருக்கும். “கோட்டைச் சுருக்கினது போதாதுன்னு இப்ப உடையை உருக்கறியாம். முன்னேற்றந்தான்.”

“நெருப்பில்லாமப் புகையுமா? நம்ம கடையில புகைக்கா பஞ்சம்!”

“அதானே. ஆனா ஒண்ணு பாரேன், ஷட்டர் மூடிக் கிடக்கிறதை ரொட்டிக்கடைக்காரம்மா தன் கண்ணாலயே பாத்தாங்களாம். அவங்க பொண்ணு வீட்டுக்குப் போற வழியில. அதான், பாலத்துக்கு அந்தப் பக்கம்…”

சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கேயே நின்றார். நீராவியக்காவின் கையும் நின்றது. இஸ்திரிப் பெட்டியின் அடியிலிருந்து உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதும் சலவைக்கடைதான். அதே பெயர்ப்பலகை, அதே எழுத்து, அதே மஞ்சள் நிறம். போன வசந்தத்தில்தான் திறந்தார்கள். அது அவள் தங்கையின் கடை.

*

தங்கை தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவாள். ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் ஃபோனுமாக, மெஷின் போடும் சத்தத்தையும், கறை படிந்த மேசைவிரிப்புகளையும், வாடிக்கையாளர்களின் அலட்டலையும் பற்றி ஒரு மூச்சு கொட்டித் தீர்ப்பாள். முந்தாநாள் கூப்பிடவில்லை. ‘வேலை இருக்கு அக்கா’ என்று ஒரு வரி மட்டும் வந்தது. நேற்றும் அதே வரி. கடைக்குக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது என்று நீராவியக்கா சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பழக்கம் சலவைக்காரிக்கே இருந்தால் என்ன செய்வது?

இப்போது கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே.

“எடுக்கலையா?” என்றார் பொத்தான் கடைக்காரர்.

“வேலையா இருப்பா.” சொன்ன வாய்க்கே அது பொய் என்று தெரிந்தது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடையில் ஆள் வந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கடை வாசலில் ஈ, காக்காய் இல்லை. நல்ல மனிதர், போக வேண்டிய நேரம் தெரிந்தவர்.

*

நீராவியக்கா இந்தத் தொழிலுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வந்தாள். அங்கே சலவை என்றால் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் மேலங்கி. எல்லாம் வெள்ளை, எல்லாம் பருத்தி, எல்லாவற்றுக்கும் கொதிக்கும் தண்ணீர். வெள்ளைப் பருத்தி மாதிரிப் பொறுமையான துணி உலகத்தில் இல்லை. அதை வேகவைக்கலாம், முறுக்கலாம், அடிக்கலாம், மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்கும். அந்த அடித்தளத்தில் அவள் பல வருஷம் ஒரு தவறும் செய்யாமல் வேலை பார்த்தாள். அதனால் தனக்குச் சலவை தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மா போன பிறகு தங்கையும் அவளோடு வந்துவிட்டாள். அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஆஸ்பத்திரி வேலை நேரம் ஒரு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு சரிப்பட்டு வரவில்லை. வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போய்விடுவார். யோசித்துப் பார்த்து, வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் காலியாக இருந்த இந்தக் கடையை எடுத்தார்கள். பழைய டிரை கிளீனிங் மெஷின் ஒன்றும் கடையோடு சேர்ந்தே வந்தது. தண்ணீருக்குப் பதில் ஒரு திரவத்தில் துணியைச் சுழற்றி, பிறகு அதுவே சூட்டில் உலர்த்தியும் கொடுத்துவிடும்.

கடை திறந்த முதல் மழைக்காலத்தில்தான் நீலக் கோட்டு வந்தது. கொண்டு வந்தவர் உயரமான ஓர் அம்மா. கோட்டும் அவரைப் போலவே நெடுநெடுவென்று, நல்ல தடித்த கம்பளியில் இருந்தது. வெளியே கொட்டுகிற மழை. அந்த அம்மா கோட்டைக் கழற்றிக் கல்லாவில் வைத்து, “சாயந்திரத்துக்குள்ள வேணும், ஊருக்குப் போறேன்,” என்றார். “அதுக்கென்ன, பண்ணிடலாம்,” என்று நீராவியக்கா அப்படியே கொண்டுபோய் மெஷினில் போட்டாள். மேல்துணி தொட்டுப்பார்க்கக் காய்ந்த மாதிரிதான் இருந்தது. காலையிலிருந்து சூடான இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கைக்கு எல்லாமே காய்ந்த மாதிரிதான் இருக்கும்.

கம்பளியை ஈரத்தோடு சுழற்றிச் சூடு காட்டினால் அதன் நார்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. மெஷின் கதவைத் திறந்தபோது கோட்டு இருந்த இடத்தில் கோட்டின் குழந்தை இருந்தது.

உயரமான அம்மா வந்து பார்த்தார். முதலில் அது தன்னுடையது என்றே நம்பவில்லை. பொத்தான்களைப் பார்த்து நம்பினார். பிறகு, தெருவே கேட்கும்படி, சலவைக்காரியை வெளுத்து வாங்கினார். “உன் கையில ஒரு கைக்குட்டையைக்கூட இனி யாரும் குடுக்கக் கூடாது,” என்பது கடைசி வாக்கியம். கோட்டை அங்கேயே போட்டுவிட்டு மழையில் நனைந்துகொண்டே போனார். அந்த அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. இந்தத் தெருவில் வரும்போது எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறித்தான் போவார். நீராவியக்காவும் இன்றுவரை, அவர் கடந்துபோவது தெரிந்தால், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுத் தலையைக் கொஞ்சம் தாழ்த்துவாள். மன்னிப்புக் கேட்கிறாள் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவள் நன்றி சொல்வாள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

நன்றி பின்னால்தான் வந்தது. அன்றைக்கு வந்தது வெறும் அவமானம். ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி அடித்தளத்துக்கே திரும்பிப் போய்விடலாம், அங்கே துணிகள் கேள்வி கேட்காது என்று நினைத்தாள். வீட்டுக்காரர் சூப்பு வைத்துக் கொடுத்துப் பார்த்தார். அவர் வைத்த சூப்பு எழுந்திருக்கிறவரையும் படுக்கவைக்கும் ரகம்.

ஒரு நாள் காலையில் சாவியைக் காணவில்லை. தங்கையையும் காணவில்லை. அலறிக்கொண்டு கடைக்கு ஓடினாள் (வாழ்க்கையில் அவள் ஓடியது அந்த ஒரு தடவைதான்). ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு ஏறி நின்று, தங்கை ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டை அதில் மாட்டினாள். கீழே ஓர் அட்டையைத் தொங்கவிட்டாள். பள்ளிக்கூடப் பெண்ணின் உருண்டை எழுத்தில் அதில் எழுதியிருந்தது: ‘பெரியவர்கள் உடை குழந்தைகளுக்கு ஏற்றபடி சுருக்கித் தரப்படும்.’

“ஏண்டி குட்டி! மானமே போச்சு, இதை எதுக்குடி மாட்டறே?”

“போனது போச்சு அக்கா. இனிமே உள்ள வர்றவங்க எல்லாம் முதல்லயே சிரிச்சுட்டா, அப்புறம் பேசறதுக்கு உனக்குப் பயமா இருக்காது இல்ல?”

அடிக்கக் கை ஓங்கியவள் அட்டையை இன்னொரு தடவை படித்தாள். வயிறு குலுங்கியது. சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, கடைசியில் இரண்டு பேரும் துணி மூட்டைகளின் மேல் விழுந்து கிடந்தார்கள். அப்போது ரொட்டிக்கடைக்காரம்மா எட்டிப்பார்த்து, அட்டையைப் படித்து, தானும் சிரித்து, ஒரு மேசைவிரிப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். கடை அப்படித்தான் இரண்டாவது முறை திறந்தது.

*

அதற்கப்புறம் நீராவியக்கா எந்தத் துணியையும் கையால் நம்பவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கை பொய் சொல்லும், கன்னம் சொல்லாது. கம்பளியாக இருந்தால் ஒரு ராத்திரி முழுக்கக் காற்றில் தொங்கவிட்டுத்தான் மெஷின். “கோட்டைக் கொஞ்சறா பாரு,” என்று தெருவில் கேலி செய்வார்கள். வேண்டியவர்கள் இரண்டொருவர், “அதுக்கு இருக்கிற கொடுப்பினை எனக்கு இல்லையே,” என்று வீட்டுக்காரர் பஸ்ஸில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவதாகவும் சொல்வார்கள்.

சூடு கண்ட பூனை என்பார்களே, அதுதான். ஆனால் பூனை சூட்டைக் கண்டு அடுப்பங்கரையை விட்டே ஓடிவிடும். அவள் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கறுப்புக் கால்சட்டை ஒன்று முழங்காலில் பளபளத்துப் போனதிலிருந்து கறுப்பை உள்பக்கம் திருப்பித்தான் தேய்ப்பாள். யாரோ ஒருவருடைய சட்டையில் சிவப்புச் சாயம் இறங்கியதிலிருந்து எந்த உடையாக இருந்தாலும் உள்மடிப்பில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பாள். அலங்கார மணி வைத்த உடையில் ஒரு மணியை உள்பக்கமிருந்து கத்தரித்து, மெஷினில் ஊற்றும் திரவத்திலேயே ஊறப் போடுவாள். சில மணிகள் கல் மாதிரி கிடக்கும், சில மணிகள் கரைந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பரீட்சையில் தேறிய உடையின் ஓரத்தில் ஒரு வெள்ளை நூலைக் கட்டிவிடுவாள். வெள்ளை நூல் இருந்தால் பயப்படாமல் மெஷினில் போடலாம் என்று அர்த்தம். தேறாவிட்டால், “இது என்னால முடியாது,” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். முடியாது என்று சொல்கிற சலவைக்காரி என்று ஒரு பெயர் பரவியது. அந்தப் பெயரை நம்பித்தான் நல்ல துணிகள் பாலத்தைத் தாண்டி வர ஆரம்பித்தன.

தங்கை படிப்பை முடித்துவிட்டு அவளோடேயே கடையில் நின்றாள். கெட்டிக்காரி. வாடிக்கையாளர் பெயர், அவர்கள் நாய்க்குட்டியின் பெயர், இரண்டும் மறக்க மாட்டாள். ஆனால் கம்பளியோ பட்டோ வந்தால் அக்காவின் குரல் நீராவிக்குள்ளிருந்து வரும்: “குட்டி, கை வைக்காதே, நான் பாத்துக்கறேன்.” பரீட்சை எல்லாம் அக்காவே செய்வாள், நூலும் அவளே கட்டுவாள். தங்கை, கட்டிய நூலைப் பார்த்துவிட்டு மெஷினில் போடுவாள்.

“அக்கா, உன் கடையில எனக்கு ஒரு தப்புப் பண்ணக்கூட இடம் இல்ல,” என்று ஒரு நாள் சொன்னாள்.

“பண்ணாம இருந்தா நல்லதுதானே?”

“நல்லதுதான். ஆனா எனக்குத் தெரியுமா தெரியாதான்னே எனக்குத் தெரியலயே.”

அன்று அதைக் கேட்டுச் சிரித்தாள் நீராவியக்கா. போன வசந்தத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை பார்த்துக் கொடுத்தாள். பெயர்ப்பலகைக்கு மஞ்சள் அடிக்கும்போது தங்கை கேட்டாள்: “அந்தக் கோட்டை எனக்குக் குடேன் அக்கா. என் கல்லாவுக்கு மேல மாட்டிக்கறேன். ராசியான கோட்டு.”

“போடி. அது என் கோட்டு. உனக்கு வேணும்னா நீயே ஒண்ணு சுருக்கிக்கோ.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பெயின்ட் அடிக்க வந்தவர்கூடச் சிரித்தார்.

*

மத்தியானத்துக்கு முன்பு பாட்டுக்காரி வந்தாள். நேரே இந்தக் கடைக்கு. கையில் ஒரு பெரிய பை. முகத்தில் ராத்திரி தூங்காத களைப்பு. நீராவியக்காவுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. போன வாரம் வந்திருந்தாள். அன்று கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பையைத் திறந்துகூடப் பார்க்காமல், “என் தங்கச்சி கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்தான், அங்க குடுங்க, சீக்கிரம் கிடைக்கும்,” என்று பெருமையாக அனுப்பிவைத்தது அவளேதான்.

பாட்டுக்காரி பையிலிருந்து உடையை எடுத்து மேசையில் விரித்தாள். கறுப்பு உடை. மார்பிலும் தோளிலும் மணிகள் இருந்திருக்க வேண்டும். இப்போது அவை வாயில் போட்டுச் சப்பிவிட்டு எடுத்த மிட்டாய் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி, துணியோடு இழைந்து கிடந்தன.

“சனிக்கிழமை எனக்கு மேடை இருக்குங்க,” என்றாள். “உங்க தங்கச்சியைத் திட்டிட்டேன். நல்லாவே திட்டினேன். அவங்க பதிலுக்குத் திட்டல. ‘அக்கா பாத்துட்டு அனுப்பினதுன்னு நினைச்சேன்’னு மட்டும் சொன்னாங்க. சொல்லிட்டு ஷட்டரை இழுத்துட்டாங்க. நேத்தும் போய்ப் பாத்தேன், திறக்கல. நான் யாருகிட்டப் போய்க் கேக்கறது?”

“நான் பாத்துட்டு அனுப்பினதுன்னா?”

“எனக்கென்ன தெரியும்? நூல் இருந்துச்சாம்.”

நீராவியக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உடையின் கீழ் ஓரத்தைத் திருப்பினாள். உள்மடிப்பில் ஒரு வெள்ளை நூல் இருந்தது. அவள் கட்டியதல்ல. உடையின் நீளத்தைக் குறைத்த தையல்காரர் தாற்காலிகமாகத் தையல் ஓட்டிவிட்டு, பிறகு உருவ மறந்த நூல். எந்தத் தையல் கடையிலும் தரையெல்லாம் கிடக்கிற நூல். வேறு எந்தச் சலவைக்காரியும் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பாள். அக்கா அனுப்பிய வாடிக்கையாளர், ஓரத்தில் வெள்ளை நூல்: இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து நிம்மதியாக மெஷினில் போட உலகத்தில் ஒரே ஒருத்தியால்தான் முடியும்.

நீராவியக்கா அந்த நூலை உருவி விரலில் சுற்றிக்கொண்டாள். நல்லது செய்கிறோம் என்றுதானே எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொண்டோம்? கோட்டு, சிவப்பு இறங்கிய சட்டை, பளபளத்த முழங்கால், எல்லாத் தோல்வியையும் தானே பட்டு, தானே தின்று, அதிலிருந்து வந்த பலத்தையும் தானே வைத்துக்கொண்டாள். தங்கைக்குக் கொடுத்ததெல்லாம் முடிந்த முடிச்சுகள். வீட்டில் ஒரே ரொட்டி இருந்தால்கூடப் பாதி பிய்த்துக் கொடுத்திருப்பாள். இதில் ஒரு துண்டு கொடுக்கத் தோன்றவில்லை. முப்பதைத் தாண்டிய ஒருத்தி முதல்முதலாகக் கீழே விழுந்திருக்கிறாள். சின்ன வயதில் விழுந்தால் முட்டி மட்டும்தான் சிராய்க்கும்.

“ஏங்க, சரி பண்ண முடியுமா முடியாதா?” என்றாள் பாட்டுக்காரி.

“மணியைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. அதுல பொய் சொல்ல மாட்டேன். ஆனா துணி நல்லா இருக்கு. இந்த மணியெல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து, கறையை இறக்கிட்டா, மணி இல்லாத கறுப்பு உடை. பாக்க லட்சணமாத்தான் இருக்கும்.”

பாட்டுக்காரி உடையைப் பார்த்தாள். “எனக்கும் அந்த மணி ஒண்ணும் அவ்வளவு பிடிச்சதில்ல. மூச்சு இழுத்தாக் குத்தும். என் மாமியார் எடுத்துக் குடுத்தது.” சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல வாசல்பக்கம் பார்த்துக்கொண்டாள். “சனிக்கிழமைக்குள்ள பண்ணிருவீங்களா?”

வாய் நுனிவரை வந்துவிட்டது: பண்ணிடலாம், நான் பாத்துக்கறேன். இத்தனை வருஷப் பழக்கம். நீராவியக்கா அதை விழுங்கினாள்.

“நான் பண்ண மாட்டேன். என் தங்கச்சி பண்ணுவா.”

“அவங்க ஷட்டரே திறக்கலியேங்க!”

“திறப்பா.”

“திறக்கலன்னா?”

நீராவியக்கா உடையை மடித்துப் பைக்குள் வைத்தாள். “திறக்கலன்னா நாளைக்குக் காலையில இங்க வந்து என்னையும் திட்டுங்க,” என்றாள். “பாத்துட்டு அனுப்பாதது நான்தானே. எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். கேட்டுப் பாருங்க, இந்தத் தெருவுக்கே தெரியும்.”

பாட்டுக்காரி சுவரில் தொங்கிய கோட்டையும் அட்டையையும் அப்போதுதான் பார்த்தாள். படித்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், “நீங்களா பண்ணினது?” என்றாள்.

“நானேதான். முழுக்க என் கைவேலை.”

*

பகல் நடுவில் நீராவியக்கா கடையை மூடியதைப் பார்த்துப் பொத்தான் கடைக்காரர் வெளியே வந்தார். “நிஜமாவே ஓடறியாம்மா?”

“ஆமாண்ணே. யாராவது கேட்டா, சாயந்திரம் திரும்பி வந்துருவேன்னு சொல்லுங்க.”

வீட்டுக்காரர் பஸ் அந்த நேரத்துக்குத்தான் பாலம் தாண்டிப் போகும். அவளை நிறுத்தத்தில் பார்த்ததும் கதவைத் திறந்தார். கையில் பாட்டுக்காரியின் பை, தோளில் ஹேங்கரோடு நீலக் கோட்டு.

“எங்க இதைக் கூட்டிட்டுப் போறே? பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கா?”

“உங்க கொழுந்தியா கடைக்கு. உங்களுக்குத் தெரியுமா, அங்க என்ன நடந்துதுன்னு?”

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்து வண்டியை எடுத்தார். “என்ன நடந்துதுன்னு தெரியாது. ஷட்டர் மூடியிருக்கிறதைப் பாத்தேன். காலையில ரெண்டாவது தடவை போறப்ப அடியில வெளிச்சம் தெரிஞ்சுது. உள்ளதான் இருக்கா.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ போயிருப்பே.”

“போகாம?”

“போய், ஷட்டரைத் தூக்கி, அவளை ஓரமா உக்கார வச்சுட்டு, எல்லாத்தையும் நீயே பண்ணிட்டு வந்திருப்பே.” சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “நான் தப்பாச் சொன்னேனா?”

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருப்பதை விரலால் காட்டினார். “பேசலைங்க, திட்டு வாங்கறேன்,” என்றாள் நீராவியக்கா.

ஆறு வந்தது, பாலம் வந்தது. கோட்டை மடியில் வைத்திருந்தாள். பழக்க தோஷத்தில் அதன் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எலும்பு மாதிரி காய்ந்துவிட்டது. இந்த ஒரு கோட்டு சரியாக வெளுத்து, அந்த உயரமான அம்மா நன்றி சொல்லி வாங்கிப்போயிருந்தால், தான் இன்று என்னவாக இருந்திருப்போம் என்று நினைத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் கொதிக்கும் தண்ணீரில் போடுகிற ஒருத்தியாக இருந்திருப்பாள். அதைவிட, தங்கை நாற்காலியில் ஏறி ஆணி அடித்த அந்தக் காலை கிடைக்காமலே போயிருக்கும். அது இல்லாத தன் வாழ்க்கையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“நல்லவேளை மழை பெஞ்சுது,” என்றாள் பாதி வாய்க்குள்.

“எங்க பெய்யுது?” என்றார் வீட்டுக்காரர், கண்ணாடிக்கு வெளியே வெயிலைப் பார்த்து.

*

தங்கையின் கடை ஷட்டர் முழுக்க மூடியிருக்கவில்லை. அடியில் ஒரு சாண் உயரம் விட்டிருந்தது. அதன் வழியே வெளிச்சம் வந்தது. கூடவே, நீராவியக்காவின் மூக்குக்கு எங்கே இருந்தாலும் தெரிகிற ஒரு வாசனையும் வந்தது. கரைப்பான் திரவத்தின் இனிப்புக் கலந்த நெடி. யாரோ உள்ளே ஒரு சின்னப் புட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

“குட்டி,” என்று கூப்பிட்டாள். உள்ளே எதுவோ மேசைமேல் மெல்ல வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் அலங்கார மணி உரசியது மாதிரி; மணியை ஊறப் போட்டுப் பார்க்கிற பரீட்சையின் சத்தம்.

ஷட்டரின் கைப்பிடி அவள் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. இது அவள் வாங்கிப் போட்ட ஷட்டர். எந்த இடத்தில் தூக்கினால் சத்தமில்லாமல் மேலே போகும் என்று தெரியும். கை தானாகவே நீண்டது. நீண்ட கையை இழுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் படுத்துக் கிடந்தபோது, தங்கை அவளைப் படுக்கையிலிருந்து இழுக்கவில்லை. போய் ஒரு கோட்டை மாட்டினாள், அவ்வளவுதான். எழுந்து வந்தது இவள்தான்.

நீலக் கோட்டை ஹேங்கரோடு ஷட்டர் கைப்பிடியில் மாட்டினாள். தெருவில் போன ஒரு பெண் நின்று பார்த்து, “குழந்தைக்கா? அழகா இருக்கே!” என்றாள்.

“என் தங்கச்சிக்கு,” என்றாள் நீராவியக்கா. அந்தப் பெண் ஷட்டரின் உயரத்தையும் கோட்டின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பாட்டுக்காரியின் பையை ஷட்டருக்கு அடியில், பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி தள்ளி வைத்தாள். உள்ளேயிருந்து இழுத்தால் கைக்கு வரும். பிறகு படியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஃபோனை எடுத்தாள். எடுத்தால் என்ன சொல்வது என்று யோசித்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டியது இருந்தது. நன்றி சொல்ல வேண்டியதும் இருந்தது, அதற்கு வயது அதிகம். இரண்டையும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ‘ஒருவழியா நீயும் ஒண்ணு சுருக்கிட்டியா’ என்று ஆரம்பித்தால் சிரிப்பாளா, அழுவாளா?

எண்ணை அழுத்தினாள்.

ஷட்டருக்கு அந்தப் பக்கம், மிக அருகில், மணி அடித்தது. கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை, யாரும் அதைத் துண்டிக்கவும் இல்லை. வெளிச்சக் கீற்றில், பைக்குப் பக்கத்தில், ஒரு ஜோடிக் கால்களின் நிழல் வந்து நின்றது.

நீராவியக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.